காற்றாடி மேட்டில் சடை வளர்ப்பவன்

"யாருக்கு நேர்ச்சை?" என்பதுதான் முதல் கேள்வி. வடசேரி பஸ் நிலையத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியை ஏந்தியபடியே கேட்பார். ஆண்பிள்ளை ஒருவன் இடுப்பு வரை முடி வளர்த்தால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு ஒரு சாமியைக் காரணம் காட்டியாக வேண்டும். வேளாங்கண்ணியா, திருச்செந்தூரா, பழனியா என்று விடைகளையும் அவர்களே எடுத்து நீட்டுவார்கள். நேர்ச்சை ஒன்றும் இல்லை, பிடித்திருக்கிறது, வளர்க்கிறேன் என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். அடுத்த கேள்வி உடனே வந்து விழும்: "இந்த வேலையில் இருந்துகொண்டு இதை எப்படித்தான் பராமரிக்கிறாய்?" முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. இரண்டாவதற்கு உண்டு.

என் வேலை காற்றாலைப் பராமரிப்பு. நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிறவர்களுக்கு முப்பந்தலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இசக்கியம்மன் கோயிலில் லாரிகள் நின்று கும்பிட்டுப் புறப்படும் இடம். சாலைக்கு இரு பக்கமும் கண் எட்டும் மட்டும் காற்றாடிகள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி முடியும் பகுதியில் விழுந்த இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, வேறு வழியின்றி அந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால் வேகம் கூடிவிடுகிறது. மே மாதக் கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை ஓயாது. மின்சாரத்துக்கு அது அறுவடைக் காலம். முடிக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. தோவாளை தாண்டியதும் பைக்கை நிறுத்திவிட்டுச் சடையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு முப்பந்தல் வரை ஓட்டிப் பாருங்கள். இறங்கும்போது தலையில் இருப்பதற்குப் பெயர் முடி அல்ல, தேங்காய்க் கதம்பை.

நீளமான முடி வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், மணிக்கணக்கில் அதற்கென்று நேரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். விளம்பரங்களும் அதைத்தான் காட்டுகின்றன: ஜன்னலோரம், வெள்ளைத் திரைச்சீலை, வேலை ஏதும் இல்லாத ஒரு பெண், அவிழ்த்துவிட்ட கூந்தல். நான் பார்த்து வளர்ந்த நீண்ட முடிக்காரிகள் யாரும் அப்படி இருந்ததில்லை. என் பெரியம்மை அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். தோட்டில் இருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் பொள்ளிப் போகும். கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டுதான் கொட்டையைத் தொடுவார்கள். விரலெல்லாம் அந்தக் கறையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒருவர், நெற்றியில் விழும் முடியை ஒதுக்கக்கூடக் கையைத் தூக்க முடியாது. அப்படிப்பட்ட வேலையில்தான் அவர் முழங்காலைத் தொடும் முடியை வைத்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிற பெண்களையும், கடற்கரைகளில் மீன்கூடை சுமப்பவர்களையும் பார்த்தால், எங்கள் மாவட்டத்தில் கூந்தல் பராமரிப்பு என்பது அலங்காரக் கலையே அல்ல, வேலைக்குப் போகிறவர்களின் ஒழுங்கு என்பது தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒழுங்குதான்.

அதன் முதல் விதியைச் சொன்னால் பலர் நம்ப மறுப்பார்கள்: காலையில் தலை வாரக்கூடாது. பெரியம்மை தலைவாருவது இரவில், சோற்றுப்பானையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு. எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னி, நுனியில் துணிக்கயிறு கட்டிவிட்டுப் படுப்பார். காலையில் அந்தப் பின்னலை அவிழ்ப்பதே இல்லை. மேலாக நெற்றியோரத்தைக் கையால் ஒதுக்கி, பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கி, மேலே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார். காலை அவசரத்தில் வாரும் சீப்பு முடியைப் பிய்க்கிறது. இரவில் வாரும் சீப்பு காத்திருக்கிறது. தூக்கத்தில் தலையணைத் துணியில் உரசி விழும் சிக்கும் பின்னல் இருந்தால் பாதிக்கு மேல் குறையும். பட்டுத் தலையணை உறை வாங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உராய்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால் பின்னிவிட்டுப் படுப்பவனுக்குப் பருத்தி உறையே போதும்.

சிக்கு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. நாளொன்றுக்கு ஐம்பதில் இருந்து நூறு வரை உதிர்வது இயல்பு. குட்டை முடிக்காரனுக்கு அவை தரையில் விழுந்துவிடும். நமக்கு விழாது. வேரை விட்ட முடி மற்ற முடிகளின் நடுவே தொங்கிக்கொண்டே இருக்கும். காற்று அதை அலைக்கழிக்க, பக்கத்தில் இருப்பதையெல்லாம் சுற்றிக் கட்டிவிடும். பெரிய சிக்கு எதையும் பிரித்துப் பாருங்கள், நடுவில் உதிர்ந்த முடி ஒன்றாவது கிடக்கும். ஆகவே ஒவ்வொரு நாள் இரவும் உதிர்ந்ததை வெளியே எடுத்துவிடுவதுதான் வாருவதன் உண்மையான வேலை. இரண்டு நாள் விட்டால் வேலை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது.

முடியின் மேற்பரப்பும் இதில் உடந்தை. ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக, வேரில் இருந்து நுனி நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. வேரில் இருந்து நுனிக்குக் கை ஓட்டினால் வழுக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் சொரசொரக்கும். ஓரிழையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்தாலே தெரியும். வெயில், தூசி, உராய்வு, காரமான சோப்பு இவையெல்லாம் அந்தச் செதில்களைக் கிளப்பிவிடும். கிளம்பிய செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், இடுப்பைத் தொடும் முடியின் நுனி ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் தலைத்தோலை விட்டு வெளியே வந்தது. அத்தனை காற்றுக்காலமும் அது பார்த்துவிட்டது. வேர்ப்பக்கம் இருப்பது போன மாதத்துப் பிள்ளை. ஆனால் கடைகளில் விற்கும் எல்லாமே வேருக்குத்தான்: வேரைப் பலப்படுத்தும், வேரில் ஊடுருவும், வேரைக் குளிர்விக்கும். சிக்கு விழுவதோ கடைசி ஒன்றரைச் சாணில். அங்கே கவனிப்பாரே இல்லை.

சிக்கெடுக்கும்போது நான் கீழிருந்து தொடங்குகிறேன். நுனியில் இருந்து ஒரு சாண் மேலே, இடது கையால் முடிக்கற்றையை நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த இடத்துக்குக் கீழே சீப்பு என்ன இழுப்பு இழுத்தாலும் அது தலைக்குப் போகாது, முஷ்டியோடு நின்றுவிடும். வலி இல்லை, வேரும் பாடுபடாது. அந்தச் சாண் சுத்தமானதும் கை ஒரு சாண் மேலே ஏறும். இப்படி ஏறி ஏறிப் பிடரிக்கு வந்து சேர வேண்டும். மேலிருந்து ஒரே வீச்சாக வாரினால், மேலே இருந்த சின்னச் சின்னச் சிக்கெல்லாம் சரிந்து கீழே ஒன்றாகத் திரண்டு ஒரே முடிச்சாகிவிடும். முடிச்சு என்று தெரிந்த இடத்தில் சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டு சொட்டு எண்ணெயைக் கட்டைவிரலில் தொட்டு முடிச்சின் மேல் தேய்த்து, அதைக் கீழ் நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தால், எந்த இழை தளர்வாக இருக்கிறது என்று விரல் நுனிக்குத் தெரியும். அந்த ஒன்றை உருவினால் மற்றவை தாமாகவே நெகிழும். உருவி வந்த முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது, கவலை வேண்டாம். குமிழ் இல்லாமல் நடுவில் அறுந்து வந்திருந்தால் அது உங்கள் சீப்பு செய்த வேலை.

பெரியம்மை இன்னும் வேகமாகச் செய்வார். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, முழு முடியையும் தோள் வழியாக மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, சீப்பைத் தொடாமல் பத்து விரலாலும் கோதிக்கொண்டே பக்கத்து வீட்டு வழக்கை முழுதாக விசாரித்து முடித்துவிடுவார். "மக்களே, அவசரம் இருந்தால் கட்டிக்கொண்டு போ. நேரம் இருந்தால் அவிழ்" என்பார். என் வேலைக்கு அப்படியே பொருந்துகிற அறிவுரை இது.

ஈரமுடியை வாரக்கூடாது என்பதையும் அவரிடம்தான் கேட்டேன். காரணம் பிற்பாடு தெரிந்தது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தண்ணீர் உள்ளே புகும்போது அந்தப் புரதச் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நெகிழ்ந்துவிடுகின்றன. ஈரமுடி காய்ந்த முடியைவிட அதிகம் நீளும், எளிதில் அறுந்தும் போகும். குளித்ததும் துவர்த்து என்று எங்கள் பக்கம் சொல்லும் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். துவர்த்து மெல்லியது, தண்ணீரைச் சட்டென்று குடிக்கும், நூல் வளையம் இல்லாததால் முடியில் மாட்டாது. தடித்த டர்க்கி டவலைப் போட்டுக் கசக்கித் துவட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். துவட்டிய பிறகு, இரண்டு காதோரத்தில் இருந்தும் மெல்லிய கற்றை எடுத்து, பின்னால் சேர்த்து ஒரு குளிப்பின்னல் போட்டுவிட்டால் போதும். நடுவில் இருப்பது காற்றாடக் காயும், பக்கத்தில் இருந்து வந்து கலையாது. எங்கள் பக்கத்துப் பெண்களும் மலையாளத்துப் பெண்களும் ஈரத்தலையோடு கோயிலுக்குப் போகும்போது போடும் அதே பின்னல். ஆண் தலையில் அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: தேங்காய் எண்ணெய். மண்பற்று என்று நினைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. முடியில் இருந்து புரதம் கழுவிப் போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகவே முடியின் உள்ளே புகுகிறது. மற்றவை பெரும்பாலும் மேலேயே நிற்கின்றன. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் தலை அதற்குச் சாட்சி சொல்கிறது. குளிப்பதற்கு முந்தின இரவே நுனிக்கு எண்ணெய் போட்டுவிட்டால், தண்ணீர் உள்ளே ஏறி முடி ஊதுவது குறையும். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, நெல்லிக்காய் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் எங்கள் வீட்டில் உண்டு. மணம் நன்றாக இருக்கிறது. அதற்குமேல் அது முடி வளர்க்குமா என்ற வழக்கில் நான் சாட்சி சொல்லத் தயாரில்லை.

எண்ணெய் வைத்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காயும் ரப்பரும் எங்கள் மாவட்டத்தின் இரண்டு பெரிய விளைச்சல்கள். தலையில் மட்டும் அவை ஒத்துப்போவதில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிப் பிசுபிசுத்துவிடும். மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சாதாரண ரப்பர் பேண்டை எண்ணெய்த் தலையில் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றால், மாலையில் அது முடியோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். துணி சுற்றிய வளையம், இல்லாவிட்டால் வெறும் துணிக்கயிறு நல்லது.

இனி தண்ணீர். என் வீடு தக்கலைக்குப் பக்கம். அங்கே கிணற்றுத் தண்ணீர், சீயக்காய் போட்டாலும் ஷாம்பூ போட்டாலும் முடி பணிந்துவிடும். காற்றுக்காலத்தில் பழுது வேலை அடுத்தடுத்து வரும்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் அறை எடுத்துத் தங்குவோம். அங்கே கிடைத்தது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். குளித்து முடித்தால் முடி விறைத்துக் கயிறு போல நிற்கும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி முடியில் தங்கிவிடுகின்றன. தலைக்குச் சோப்பே கூடாது, ஷாம்பூ பரவாயில்லை. கடைசி வாளித் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றினால் பாதிப் படிவம் போய்விடும். முடிந்தால் கடைசிக் குவளைக்காவது குடிதண்ணீரை எடுத்து வைத்துக்கொள்வேன். அறைத் தோழர்கள் குடிக்கும் கேனைப் பார்த்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள்.

ஷாம்பூவுக்குப் பின் கண்டிஷனர் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. கண்டிஷனரில் இருக்கும் நேர் மின்னூட்டப் பொருள் அதன் மேல் ஒட்டிப் படர்ந்து, இழைக்கு இழை வழுக்க வைக்கிறது. சிக்கெடுக்கத் தேவைப்படுவது இந்த வழுக்கல்தான். பெரியம்மை வீட்டில் இதற்குச் செம்பருத்தித் தாளி. இலையைப் பறித்துத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கிக்கொண்டே இருந்தால் பச்சை நிறத்தில் கோழை மாதிரி வழவழவென்று இறங்கும். அதை வடிகட்டித் தலையில் ஊற்றிவிட்டால் முடிச்சுகள் விரலுக்குள்ளேயே நழுவும். வடிகட்டாமல் ஊற்றினால் இலைத் துணுக்கைப் பொறுக்கவே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இலை பறிக்க நேரம் இல்லாதவன் புட்டியைத் திறக்கட்டும்; தலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலைக்கு வருவோம். காற்றாடியின் மேலே இருக்கும் நாசெல் என்ற அறைக்குள் கியர் பெட்டி, பிரேக் தட்டு, ஜெனரேட்டர், அவற்றை இணைக்கும் தண்டு எல்லாம் நெருக்கமாக இருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, சுழலியைப் பூட்டிய பிறகுதான் கை வைப்போம். என்றாலும் சுழலும் பொருளுக்குப் பக்கத்தில் தொங்கும் எதுவும் இருக்கக்கூடாது என்பது சட்டம். முடி, சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை எல்லாம் அதில் அடக்கம். மேற்பார்வையாளர் ஏறுமுன் என் தலையைத்தான் முதலில் பார்ப்பார். எனக்கு அதில் வருத்தம் இல்லை, சொல்லப்போனால் அந்தப் பார்வையால்தான் என் முடி இத்தனை காலம் தங்கியிருக்கிறது.

உச்சிக் கொண்டை போட்டால் பாதுகாப்புத் தொப்பி தலையில் உட்காராது. உட்காராத தொப்பி காக்காது. பிடரிக் கொண்டை போட்டால் தொப்பியின் பின்பட்டை அதில் மோதும், அண்ணாந்து ஏணியைப் பார்க்க முடியாது. ஒற்றைப் பின்னல்தான் வழி. பிடரியில் தொடங்கி இறுக்கமில்லாமல் பின்னி, சட்டைக் காலருக்குள் விட்டு, முதுகோடு இறக்கி, மேலே பாதுகாப்புக் கச்சையை மாட்ட வேண்டும். கச்சையை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு பின்னலை நுழைத்தால் தோள்பட்டை வளையம் பிடித்துக்கொள்ளும். ஏணியில் கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு முடி போகும். வெல்க்ரோ பட்டையை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. சிக்கு விழ வைப்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தாலும் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அய்யாவழிக்காரர். அந்த வழியின் தலைமைப்பதியான சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வழிபடுவார்கள் என்பதால் அவர் கைக்குத் துணி கட்டும் நேர்த்தி தானாகவே வரும். கீழே கிடங்கில் தூசி பறக்கும் வேலை இருக்கும்போது அவரே எனக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார். மேலே ஏறும்போது அது உதவாது. பாதுகாப்புத் தொப்பிக்கு அடியில் தடித்த துணி கூடாது.

கிரீஸ் பட்டால் கையில் இருக்கும் டீசலால் துடைத்துவிடலாமே என்று சொல்லும் நல்லெண்ணக்காரர்கள் எல்லா இடத்திலும் உண்டு. வேண்டாம். எண்ணெய்ப் பசையை எண்ணெய்தான் கரைக்கும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுத்து, பிறகு ஷாம்பூ போட்டால் போய்விடும்.

பைக்கில் போகும்போதும் பின்னல் சட்டைக்குள்தான். ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டக்கூடாது. உள்ளே வேக்காடு எடுத்துப் பொடுகு பிடிக்கும், நாற்றமும் சேரும். தக்கலையில் இருந்து ஈரக்காற்றில் கிளம்பும்போது பொங்கி நிற்கும் முடி, தோவாளையைத் தாண்டி வறண்ட காற்றில் படும்போது படிந்து முறுகும். ஒரே தலை, ஒரே காலை, இரண்டு குணம். திற்பரப்பு அருவியில் நிற்பவர்களும் சங்குத்துறையில் கடலில் இறங்குபவர்களும் அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துப் பின்னிக்கொண்டு இறங்கினால் உப்பு அவ்வளவாக ஏறாது.

இத்தனைக்குப் பிறகும் அவிழாத முடிச்சு உண்டு. பெரும்பாலும் பிடரியில், காலர் உரசும் இடத்தில் விழும். அதைக் குறுக்கே வெட்டாமல், கத்தரியின் ஒரு நுனியை முடிச்சுக்குள் விட்டு நீளவாக்கில் கீறினால், இரண்டு மூன்று இழையோடு போகும். பிளந்த நுனிகளை மட்டும் எப்போதாவது வெட்டித்தான் ஆக வேண்டும். பிளந்தது பக்கத்து முடியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முடிதிருத்தும் கடைக்குப் போனால், "எவ்வளவு எடுக்க?" என்று அவர் கேட்கும் குரலிலேயே முழுதாக எடுத்துவிடும் ஆசை கேட்கும். இரண்டு விரற்கடை என்பேன். மொட்டைக்கு வாங்கும் அதே காசை வாங்கிக்கொண்டு, தரையில் விழுந்த துணுக்கை ஒரு பார்வை பார்த்து, "யாருக்கு நேர்ந்தது?" என்பார்.